தேதிவரிசையில் வரும் பதிவுகள் ஜாவாவுக்குள் வந்ததும் முறை மாறுவது ஏன்?

கேள்வி:
வணக்கம். வரவு செலவுப் பதிவுகளைப் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் வைத்திருக்கிறேன். வினவலில் பதிவு நேரத்தின்படி ‘ஆர்டர் பை’ கொடுத்திருப்பதால், அங்கே நேரடியாக இயக்கினால் பழையதிலிருந்து புதியது வரை சரியாகவே வருகின்றன. ஆனால் ஜாவாவில் அவற்றை லிஸ்டில் சேர்த்து, ‘குரூப்பிங்பை’ மூலம் நாள்வாரியாகப் பிரித்து, ஒவ்வொரு நாளின் நிகரத் தொகையையும் முந்தைய இருப்போடு கூட்டிக்கொண்டே போனால், இடைப்பட்ட நாள்களின் இருப்பு தவறாகவும் கடைசித் தொகை மட்டும் சரியாகவும் வருகிறது. ஜாவாவைத் தரவுத்தளத்தோடு இணைக்கும் ஜேடிபிசி வரிசையைக் கலைக்கிறதா?

பதில் 1:
இல்லை. வினவலின் முடிவுகளைத் தரும் ரிசல்ட்செட், தரவுத்தளம் அனுப்பிய வரிசையிலேயே பதிவுகளைத் தரும். கூட்டலில் முறை மாறினாலும் மொத்தம் மாறாது என்பதால்தான் கடைசித் தொகை உங்களுக்குச் சரியாக வந்திருக்கிறது. ‘குரூப்பிங்பை’க்கு வகைப்படுத்தும் விதியை மட்டும் கொடுத்தால், இப்போதைய நடைமுறையில் அது ஹேஷ்மேப் என்ற திறவு-மதிப்புத் தொகுப்பைத்தான் திருப்பித் தருகிறது, அதில் திறவுகள் (இங்கே நாள்கள்) அவற்றிலிருந்து கணக்கிடப்படும் ஹேஷ் மதிப்பு என்ற எண்ணைப் பொறுத்தே அமரும், நீங்கள் இட்ட வரிசையைப் பொறுத்தல்ல. மூன்று அளவுருக்கள் கொண்ட வடிவத்தில் நடுவில் லிங்க்டுஹேஷ்மேப்பைக் கொடுங்கள். இட்ட முறை அப்படியே நிற்கும். திறவுகளை வரிசைப்படுத்தி வைக்கும் ட்ரீமேப்பும் உதவும், ஆனால் திறவு லோக்கல்டேட் என்ற தேதி வகையாக இருக்க வேண்டும். நாள், மாதம், ஆண்டு என்ற வடிவிலான எழுத்துச் சரமாக இருந்தால் 02-01-2025 என்பது 15-12-2024க்கு முன்னால் போய் நிற்கும்.

பதில் 2:
ஒரே நேரக்குறி கொண்ட இரண்டு பதிவுகளுள் எது முதலில் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. நாள் இறுதி இருப்பை இது பாதிக்காது. பதிவுக்குப் பதிவு இருப்பைக் காட்டுவதாக இருந்தால், ‘ஆர்டர் பை’யில் நேரத்துக்கு அடுத்தபடியாக முதன்மைத் திறவையும் (ஒவ்வொரு பதிவுக்கும் உரிய தனி அடையாளம்) அவசியம் சேர்த்துவிடுங்கள்.

கேட்டவர்:
லிங்க்டுஹேஷ்மேப்புக்கு மாற்றியதும் சரியாகிவிட்டது, மிக்க நன்றி. பதிவுகள் பல லட்சமாகப் பெருகினால், வேலையைப் பிரித்து ஒரே நேரத்தில் செய்யும் பேரலல் ஸ்ட்ரீம் பயன்படுத்தலாமா?

பதில் 3:
வேண்டாம். ஒவ்வொரு நாளின் இருப்பும் முந்தைய நாளின் இருப்பை நம்பியிருக்கும் கணக்கு இது. பேரலல் ஸ்ட்ரீமில், ஒவ்வொரு உறுப்பின் மீதும் செயலை நடத்தும் ‘ஃபார்ஈச்’ வரிசையைக் காக்காது, ‘ஃபார்ஈச்ஆர்டர்ட்’ காக்கும் என்றாலும் இந்தக் கணக்கில் வேகம் கூடாது. உண்மையில் உங்களுக்கு மேப்பே தேவையில்லை. பதிவுகள் ஏற்கெனவே நேர வரிசையில் வருவதால், ரிசல்ட்செட்டைப் படித்துக்கொண்டே வந்து, தேதி மாறும் இடத்தில் முந்தைய நாளின் இருப்பை எழுதிவிட்டு அடுத்த நாளைத் தொடங்குங்கள். சுழற்சி முடிந்ததும் கடைசி நாளையும் மறக்காமல் எழுதுங்கள். போஸ்ட்கிரெஸின் ஜேடிபிசி இயக்கி இயல்பாக முடிவுகள் அனைத்தையும் ஒரே மூச்சில் நினைவகத்துக்குக் கொண்டுவந்துவிடும் என்பதால், ஒவ்வொரு கட்டளையையும் தானாக உறுதிசெய்யும் ஆட்டோகமிட்டை அணைத்து, ஒரு முறைக்கு எத்தனை பதிவுகள் என்று குறிக்கும் ஃபெட்ச்சைஸை 1000 போன்ற ஓர் அளவில் வைத்தால் பதிவுகள் தொகுதி தொகுதியாக வரும்.