அம்மாவின் மறதியும் மலச்சிக்கலும்: தியான வகுப்பில் சேர்க்கலாமா?

அம்பைப்பெண்:

அம்மாவுக்கு 74 வயது. அம்பாசமுத்திரத்தில் தனியாக இருந்தவரை இந்தப் பங்குனியில்தான் மடிப்பாக்கத்துக்கு என்னோடு கூட்டி வந்தேன். 33 வருடம் ஆரம்பப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவர். பதினாறாம் வாய்ப்பாடு இன்றைக்கும் தடங்கல் இல்லாமல் வரும். ஆனால் காலை மாத்திரையைப் போட்டாரா இல்லையா என்பது பத்து மணிக்கு நினைவில் இல்லை. போன வாரம் பால் பாக்கெட் அரிசி டப்பாவுக்குள் கிடந்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். பேத்தி பெயர் வாயில் வராமல் "அவதான்... அவ..." என்று கையைக் காட்டினாரே, அப்போது அவர் முகம் போன போக்கை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

வயிற்றுப் பிரச்சினையும் இருக்கிறது. மூன்று நாளைக்கு ஒரு தடவைதான் வெளிக்குப் போகிறார். போகாத நாட்களில் சாப்பாடு இறங்காது, தூக்கம் வராது, எதற்கெடுத்தாலும் எரிச்சல், மறதியும் அன்றைக்கு அதிகம். எனக்குத்தான் அப்படித் தோன்றுகிறதோ என்று சந்தேகப்பட்டு ஆறு வாரம் நோட்டில் குறித்து வைத்தேன். நான் நினைத்தது சரிதான், இரண்டும் சேர்ந்தேதான் வருகின்றன.

பக்கத்துத் தெருவில் முதியோருக்கு எட்டு வார மைண்ட்ஃபுல்னஸ் (மனக்கவனப் பயிற்சி) வகுப்பு தொடங்குகிறார்கள். மூச்சைக் கவனிப்பது, மெதுவாகச் சாப்பிடுவது என்று கற்றுக்கொடுப்பார்களாம். குடல் அமைதியானால் மூளையும் தெளியும் என்கிறார்கள். சொந்தக்காரர் ஒருவர் குடலுக்கு நல்லது செய்யும் பாக்டீரியா அடங்கிய ப்ரோபயாடிக் கேப்ஸ்யூல் வாங்கச் சொல்கிறார். மாதம் 1,800 ரூபாய் ஆகும்.

அம்மா போடும் மாத்திரைகள்: சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் (11 வருடமாக), பிரஷருக்கு ஒன்று, கால் எரிச்சலுக்கு ராத்திரியில் அமிட்ரிப்டிலின் (இரண்டு வருடமாக).

எதை முதலில் செய்வது? டாக்டரிடம் போகலாம் என்றாலே "என்னைப் பைத்தியக்காரி ஆக்கப் பார்க்கிறியா" என்று அழுகிறார்.

ஜூரோங்வாசி:

சகோதரி, அப்பாவோடு நானும் இப்படி ஒரு வகுப்புக்குப் போனவன். அதனால் தேடிப் படித்ததைச் சொல்கிறேன். இங்கே சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தினர், லேசான மறதி உள்ள முதியவர்களுக்கு மனக்கவனப் பயிற்சி கொடுத்து 2020-இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். நினைவுத்திறன் கொஞ்சம் மேம்பட்டது, குடல் பாக்டீரியா வகைகளிலும் மாற்றம் தெரிந்தது என்றார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அது சிறிய ஆய்வு. 2022 கடைசியில் அமெரிக்காவில் 585 முதியவர்களை வைத்து நடத்திய பெரிய ஆய்வு வந்தது. நினைவு மங்குகிறது என்று தாங்களே உணர்ந்தவர்கள், 65 முதல் 84 வயது. மைண்ட்ஃபுல்னஸ், உடற்பயிற்சி, இரண்டும் சேர்த்து என்று பிரித்துக் கொடுத்தும், வெறும் ஆரோக்கிய வகுப்புக்குப் போனவர்களைவிட ஆறு மாதத்தில் நினைவுத்திறன் கூடவில்லை.

அப்படியென்றால் வீண் என்று நான் சொல்லமாட்டேன். அப்பாவுக்கு மறதி குறையவில்லை, மறதியைப் பற்றிய பயம் குறைந்தது. ஒரு சொல் வரவில்லை என்றால் முன்பு பதறுவார். இப்போது ஒரு மூச்சு விட்டுக் காத்திருக்கிறார். பல தடவை அந்தச் சொல் வந்துவிடுகிறது. எங்கள் வீட்டுக்கு அது பெரிய விஷயம். வகுப்பில் சேருங்கள், ஆனால் அதை மருந்தாக நம்பி டாக்டரைத் தள்ளிப்போட வேண்டாம்.

கோவை சுந்தரி:

ஒரே ஒரு கேள்வி. அம்பையில் இந்தியன் டாய்லெட், உங்கள் ஃப்ளாட்டில் வெஸ்டர்னா? என் மாமியாருக்கு அதுதான் பிரச்சினை. காலுக்குக் கீழே ஒரு அடிக்குக் கொஞ்சம் குறைவான உயரத்தில் முக்காலி போட்டோம். முட்டி இடுப்பைவிட மேலே வந்ததும் முக்குவது குறைந்துவிட்டது.

பழைய ஸ்டாஃப் நர்ஸ்:

தங்கச்சி, 29 வருடம் வார்டில் நின்றவள் என்ற உரிமையில் சொல்கிறேன். கேப்ஸ்யூலை விடு. நீ எழுதிய மாத்திரைப் பட்டியலைப் பார்த்ததுமே எனக்கு மனசு அடித்துக்கொண்டது.

மெட்ஃபார்மினை வருடக்கணக்கில் போடுகிறவர்களுக்கு பி12 சத்து உடம்பில் ஒட்டுவது குறையும். பி12 குறைந்தால் மறதி வரும், கால் எரிச்சலும் மரமரப்பும் வரும். அந்த எரிச்சலைச் சர்க்கரையால் வந்தது என்று எடுத்துக்கொண்டு அமிட்ரிப்டிலின் எழுதியிருக்கலாம். அந்த மாத்திரை அசிட்டைல்கோலின் என்கிற ஒன்றைத் தடுக்கும். நரம்பிலிருந்து சேதி கொண்டுபோகிற பொருள் அது. குடலை அசைப்பதும் அதுதான், மூளையில் நினைவுக்கு வேண்டியதும் அதுதான். அதனால்தான் இந்த வகை மாத்திரையில் மலம் கட்டும், வாய் உலரும், வயதானவர்களுக்குக் குழப்பமும் வரும். மறதி நோய்க்குக் கொடுக்கிற டோனெபெசில் இதற்கு நேர் எதிர், அசிட்டைல்கோலினைக் கூட்டும். அதைப் போட்டால் சிலருக்கு வயிற்றுப்போக்கே வரும். உன் நோட்டில் இரண்டும் சேர்ந்து வந்ததற்கு இதுவே காரணமாக இருக்கலாம். ஆனால் நீயாக நிறுத்தாதே. திடீரென்று நிறுத்தினால் தூக்கம் கெடும், குமட்டும். டாக்டர் சொல்லித்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும்.

பி12, தைராய்டு, சோடியம் மூன்றையும் பார்க்கச் சொல். காதையும் சோதித்துவிடு. சரியாகக் கேட்காததை மறதி என்று நினைத்து எத்தனையோ பேரைக் கூட்டி வருகிறார்கள். மறதிக்கு என்று சொல்லாமல் கால் எரிச்சலுக்கு என்று சொல்லி அழைத்துப் போ, அதுவும் உண்மைதானே. கிண்டியில் 2024-இல் திறந்த முதியோர் மருத்துவமனை உனக்குப் பக்கம்தான்.

அப்புறம், தனியாக இருந்தபோது அம்மா என்ன சாப்பிட்டார்? ரசம் சாதமும் பிஸ்கட்டுமாகத்தான் இருக்கும். அயர்லாந்தில் 2012-இல் பார்த்தார்களாம்: பராமரிப்பு இல்லத்தில் நீண்ட நாள் இருந்த முதியவர்களுக்குக் குடல் நுண்ணுயிர்களின் வகை குறைந்திருந்தது. அவர்கள் சாப்பாட்டிலும் வகை குறைவு. கீரை, பயறு, வாழைத்தண்டு, மோர் என்று மாற்றி மாற்றிக் கொடு. வயதானால் தாகமே தெரியாது, ஒரு சொம்பில் அளந்து வைத்துக் குடிக்க வை. காலைக் காபி குடித்த அரை மணிக்குள் பெருங்குடல் தானாக அசையும். அந்த நேரத்தில் அவசரப்படுத்தாமல் உட்கார விடு. மூச்சைக் கவனிக்கிற பயிற்சியை அங்கேயே செய்யட்டும்.

அம்பைப்பெண்:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. எட்டு வாரம் கழித்து எழுதுகிறேன்.

பி12 142 இருந்தது, 200-க்கு மேல் இருக்க வேண்டுமாம். ஊசி போடத் தொடங்கினார்கள். அமிட்ரிப்டிலினை மூன்று வாரத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிட்டார்கள். இரண்டு வருடம் அந்தச் சீட்டைப் புதுப்பித்துக் கொடுத்தவர்கள் ஒரு தடவைகூட பி12 பார்க்கவில்லை. நானும் கேட்கவில்லை, அது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

சுந்தரி அக்கா, நீங்கள் கேட்டது அப்படியே சரி, ஊரில் இந்தியன் டாய்லெட்தான். முக்காலி போட்டாயிற்று. இப்போது குறைந்தது ஒருநாள் விட்டு ஒருநாள் போகிறார், நிறைய நாள் தினமும்.

தமிழில் கேள்வி கேட்டு ஒரு நினைவுச் சோதனை வைத்தார்கள். 30-க்கு 21. மறதி நோய் என்று இப்போதே முத்திரை குத்த வேண்டாம், ஆறு மாதம் கழித்துத் திரும்பப் பார்க்கலாம் என்றார் டாக்டர். மாத்திரை போட்டதை இன்னும் மறக்கிறார், அதில் மாற்றம் இல்லை. ஆனால் சாயங்காலக் குழப்பம் நன்றாகக் குறைந்திருக்கிறது.

வகுப்புக்கும் போகிறார். முதல் நாள் ஒரே ஒரு உலர்திராட்சையைக் கையில் கொடுத்துப் பார்த்து, முகர்ந்து, மென்று சாப்பிடச் சொன்னார்களாம். வீட்டுக்கு வந்து பேத்திக்கு அதைப் பாடமாக எடுத்தார். பழைய வகுப்பறைக் குரல், எத்தனை வருடத்துக்குப் பிறகு கேட்டேன். பேத்தி பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்.

காதில் குறை இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள், இடது காதில் அதிகம். காதுக் கருவி வைக்கமாட்டேன் என்று அம்மா பிடிவாதமாக இருக்கிறார். உங்கள் வீட்டுப் பெரியவர்களை எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள் என்று யாராவது எழுதுங்களேன்.