கிச்சனில் புது சாதனங்கள் வருகின்றன: எத்தனை சர்க்யூட், எந்த ஒயர், எந்த எம்சிபி?

திண்ணைவீடு:

வணக்கம். திருச்சியில் உள்ள எங்கள் பழைய தனிவீட்டின் கிச்சனை மாடுலராக மாற்றுகிறோம். டைல்ஸ் எடுத்தாயிற்று, அடுத்த வாரம் ஒயர் பைப்புக்காகச் சுவரில் காடி வெட்டப் போகிறார்கள். வீட்டுக்கு த்ரீ ஃபேஸ் இணைப்பு.

வரப்போகும் சாதனங்கள்: இண்டக்ஷன் அடுப்பு 2000 வாட், கன்வெக்ஷன் மைக்ரோவேவ் 2200, டிஷ்வாஷர் 2100, சிங்க்குக்கு அடியில் இன்ஸ்டன்ட் கீசர் 3000, கெட்டில் 1500, ஏர் ஃப்ரையர் 1500. ஏற்கெனவே இருப்பவை மிக்ஸி 750, கிரைண்டர், ஃப்ரிட்ஜ், ஆர்ஓ, சிம்னி.

இப்போது மெயின் போர்டிலிருந்து 2.5 ஒயர் (2.5 சதுர மிமீ தடிமன்) ஒரே ஒரு செட்தான் கிச்சனுக்கு வருகிறது. மூன்று 16 ஆம்ப் சாக்கெட்டும் அதிலேயே லூப். எலக்ட்ரீஷியன், "4 ஸ்கொயர் ஒயர் ஒரு செட் இழுத்து 32 ஆம்ப் எம்சிபி (அளவுக்கு மேல் கரண்ட் போனால் தானே அணையும் சுவிட்ச்) போட்டுவிட்டால் எல்லாம் ஓடும்" என்கிறார். இது போதுமா? தனித்தனி சர்க்யூட் என்றால் எத்தனை? வீடு முழுவதற்கும் ஒரு 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் லைனை அணைப்பது) இருக்கிறது, அதுவே கிச்சனுக்கும் போதுமா?

ஆம்பியர்_கோவை:

போதாது சார். காடி வெட்டுவதற்கு முன்பே கேட்டது நல்லதாயிற்று.

முதலில் ஆம்பியர் கணக்கு. வாட்டை 230ஆல் வகுத்தால் இண்டக்ஷன் 8.7, மைக்ரோவேவ் 9.6, டிஷ்வாஷர் 9.1, கீசர் 13, கெட்டில் 6.5, ஏர் ஃப்ரையர் 6.5, மிக்ஸி 3.3. காலை ஏழு மணிக்கு இண்டக்ஷன், கெட்டில், மிக்ஸி, கீசர் நான்கும் சேர்ந்தால் 31.5 ஆம்ப். ராத்திரிப் பாத்திரத்தை அப்போதுதான் டிஷ்வாஷரில் போட்டீர்கள் என்றால் 40ஐத் தாண்டிவிடும். ஒரு செட் ஒயரில் இது ஓடாது.

அதைவிடப் பெரிய கோளாறு அந்த 32 ஆம்ப் எம்சிபி. எம்சிபி காப்பது ஒயரையும் அதன் வழியிலுள்ள சாக்கெட்டையும், சாதனத்தை அல்ல. மேடையில் ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வைத்து கெட்டில், ஏர் ஃப்ரையர், மைக்ரோவேவ் மூன்றையும் சொருகினால் ஒரு 16 ஆம்ப் சாக்கெட் வழியாக 22.6 ஆம்ப் போகும். 32 ஆம்ப் எம்சிபிக்கு அது கண்ணிலேயே படாது. சாக்கெட்டின் பின் ஓட்டையைச் சுற்றிப் பழுப்பு வளையம் விழும், பிறகு பிளாஸ்டிக் உருகும், எம்சிபி அப்போதும் ஆன் நிலையிலேயே இருக்கும். 16 ஆம்ப் எம்சிபிகூட உடனே விழாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்: 18 ஆம்ப் வரை ஒரு மணி நேரம் தாங்கும், 23 ஆம்ப்பில் ஒரு மணி நேரத்துக்குள் விழும். அதனால் எம்சிபியை நம்பி ஓவர்லோடு செய்யக் கூடாது, சர்க்யூட்டைத்தான் பிரிக்க வேண்டும்.

ஒயரின் தாங்குதிறன் சுவருக்குள் போனதும் மாறும். சுவரில் புதைத்த பைப்பில் ஒரே சர்க்யூட், 30 டிகிரி வெப்பம் என்றால் 2.5 ஒயர் 24 ஆம்ப், 4 ஒயர் 32 ஆம்ப். நம் ஊர் வெயிலுக்கு 40 டிகிரி என்று வைத்து 0.87ஆல் பெருக்கினால் முறையே 20.9, 27.8. அதாவது உங்கள் எலக்ட்ரீஷியன் சொன்ன 4 ஒயர், 32 ஆம்ப் எம்சிபி ஜோடியில் எம்சிபி விழுவதற்கு முன்பே ஒயர் சூடாகும். ஒரே பைப்பில் மூன்று சர்க்யூட்டைத் திணித்தால் இன்னும் 0.7ஆல் பெருக்க வேண்டும், 2.5 ஒயர் 14.6க்கு இறங்கிவிடும், 16 ஆம்ப் எம்சிபிக்கே பற்றாது. இரண்டு சர்க்யூட் என்றால் 0.8, அதாவது 16.7, அதுவரை சரி. ஆகவே ஒரு பைப்பில் இரண்டு பவர் சர்க்யூட்டுக்கு மேல் வேண்டாம்.

பிரிப்பது இப்படி:

இண்டக்ஷன் தனி. கீசர் தனி. இரண்டுக்கும் 4 ஒயர். 16 ஆம்ப் சாக்கெட்தான் என்றால் எம்சிபி சி16 (சி வகை, 16 ஆம்ப்). கீசரை 20 ஆம்ப் டபுள் போல் சுவிட்சில் (ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் அணைப்பது) நேரடியாக இணைத்தால் சி20 போடலாம். மைக்ரோவேவ் தனி, டிஷ்வாஷர் தனி, இரண்டும் 2.5 ஒயர், சி16. மேடைக்கு இரண்டு சர்க்யூட்: ஒருபுறம் கெட்டிலும் ஏர் ஃப்ரையரும் (இரண்டும் ஓடினால் 13 ஆம்ப்), மறுபுறம் மிக்ஸியும் கிரைண்டரும். ஒவ்வொன்றிலும் இரண்டு சாக்கெட்டோடு நிறுத்துங்கள். ஃப்ரிட்ஜ் தனி, சி10 போதும். வேறு எதுவோ கெட்டதற்கு இது அணைந்து, ஊரிலிருந்து வந்து பார்த்தால் உள்ளே எல்லாம் கெட்டிருக்கும் நிலை வரக் கூடாது. லைட், எக்ஸாஸ்ட், சிம்னி, ஆர்ஓ எல்லாம் சேர்ந்து ஒரு 1.5 ஒயரில், சி6. மொத்தம் எட்டு.

ஃபேஸ் பிரிப்பில் இண்டக்ஷனும் கீசரும் ஒரே ஃபேஸில் வரக் கூடாது. இண்டக்ஷனும் டிஷ்வாஷரும் ஒன்றில், கீசரும் மிக்ஸி பக்கமும் ஒன்றில், மைக்ரோவேவும் கெட்டில் பக்கமும் ஒன்றில் வைத்தால் ஓரளவு சமமாக வரும். இவ்வளவு லோடு ஏறுவதால் ஈபியில் உங்கள் வீட்டுக்கு அனுமதித்த பளு எத்தனை கிலோவாட் என்று பார்த்து, குறைவாக இருந்தால் பிரிவு அலுவலகத்தில் கூடுதல் பளுவுக்கு எழுதிக் கொடுங்கள்.

திண்ணைவீடு:

மிக்க நன்றி சார். ஒரு சிக்கல். மெயின் போர்டிலிருந்து கிச்சன் 12 மீட்டர் தள்ளி, நடுவில் பீம். அந்த வழியில் இரண்டு பைப்புக்கு மேல் கொண்டுவர முடியாது என்கிறார் எலக்ட்ரீஷியன். எட்டு சர்க்யூட்டை எப்படிக் கொண்டுவருவது?

ஒயர்மேன்_கரூர்:

கிச்சன் வாசலிலேயே சின்ன டிபி (எம்சிபி எல்லாம் உட்கார்ற பெட்டி) ஒண்ணு வெச்சிடுங்க சார். மெயினிலிருந்து அந்தப் பெட்டிக்குக் கரண்ட் கொண்டுவர்ற த்ரீ ஃபேஸ் ஃபீடர் லைன் ஒண்ணுதான் வரும். ஃபேஸ் மூணு, நியூட்ரல், எர்த், அஞ்சும் 6 ஒயர். மெயின் பக்கம் 4 போல் (மூணு ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்து அணைக்கிறது) சி25 எம்சிபி. 6 ஒயர் இந்த வெயிலுக்கு 31 ஆம்ப் தாங்கும், அதனால 25தான் சரி, 32 போடாதீங்க. ஏத்த இறக்கம் சேர்த்து ஒரு ஒயருக்கு 15 மீட்டர் வாங்குங்க. 25 மிமீ பைப்பில் அஞ்சும் போகும். வழியில ரெண்டு பெண்டுக்கு மேல வந்தா 32 மிமீ பைப் போட்டுடுங்க, இல்லன்னா இழுக்கும்போது இன்சுலேஷன் உரியும். ரெண்டாவது பைப்பை லைட் லைனுக்கு வெச்சுக்கலாம்.

டிபியை சிங்க்குக்கு மேலேயும் அடுப்புக்கு மேலேயும் வைக்காதீங்க. கபோர்டுக்குள்ள மறைக்கவும் வேண்டாம்.

இந்த முறையில ஒரே ஒரு இடத்துல உயிரே இருக்கு: நியூட்ரல். த்ரீ ஃபேஸ் ஃபீடரில் நியூட்ரல் லூசானா, லோடு கம்மியா இருக்கிற ஃபேஸில் வோல்டேஜ் 230ஐ விட்டு 300, 350ன்னு ஏறும். ஃப்ரிட்ஜ் போர்டு, ஆர்ஓ அடாப்டர் எல்லாம் அந்த நிமிஷமே போயிடும். நியூட்ரல் முனையில லக் (உலோக முனை) வெச்சு அழுத்தி கிரிம்ப் பண்ணி, நியூட்ரல் பார்ல ஸ்க்ரூவை டைட் பண்ணி, ஒயரைக் கையால இழுத்துப் பாருங்க. கிச்சன் லோடு ஏத்தி ஒரு மாசம் ஓடின பிறகு மெயினை ஆஃப் பண்ணிட்டு எல்லா ஸ்க்ரூவையும் மறுபடி டைட் பண்ணச் சொல்லுங்க.

இன்னொண்ணு, வீட்டில ஃபேஸ் சேஞ்சர் இருந்தா கிச்சன் ஃபீடரை அதுக்குப் பின்னால கொடுக்காதீங்க. ஒரு ஃபேஸ் போச்சுன்னு சேஞ்சரைத் திருப்பினா அந்த லோடும் இன்னொரு ஃபேஸ் மேல ஏறிக்கும். இண்டக்ஷனும் கீசரும் ஒண்ணா அதுல உட்கார்ந்தா சேஞ்சரோட கான்டாக்ட் கருகும். லைட், ஃபேனுக்கு மட்டும் சேஞ்சர் போதும்.

சாக்கெட் டெர்மினலில் ரெண்டு 2.5 ஒயர் சேரும்போது நுழையலன்னு இழையைக் கத்தரிச்சு விடுவாங்க. அது கூடாது. பக்கத்துல நின்னு பாருங்க.

எர்த்_பிட்:

ஆர்சிசிபி பற்றி. வீடு முழுவதற்கும் ஒன்று என்பது கிச்சனுக்கு ஒத்துவராது. 30 மில்லிஆம்ப் என்று எழுதியிருந்தாலும் அது 15க்கும் 30க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் விழலாம். ஹீட்டர் உள்ள ஒவ்வொரு சாதனத்திலும் கொஞ்சம் கசிவு இருக்கும், எல்லாம் ஒன்றாகக் கூடும். மழைக்காலத்தில் பல வாரம் தொடாத ஓவனை ஆன் செய்தால் அதன் எலிமென்ட்டுக்குள் ஏறிய ஈரமே ட்ரிப் செய்யப் போதும். வீடே இருட்டாகும், காரணமும் தெரியாது.

அதனால் கிச்சன் டிபியில் இண்டக்ஷன், கீசர், டிஷ்வாஷர், மைக்ரோவேவ், மேடை சர்க்யூட் இரண்டு, ஃப்ரிட்ஜ் ஒவ்வொன்றுக்கும் 30 மில்லிஆம்ப் ஆர்சிபிஓ போடுங்கள். கசிவைக் கவனிப்பதோடு எம்சிபி வேலையையும் அதுவே பார்க்கும். எது விழுந்ததோ அந்தச் சாதனம்தான் குற்றவாளி. வாங்கும்போது முகப்பில் உள்ள குறியைப் பாருங்கள்: வெறும் அலைக்கோடு மட்டும் இருந்தால் ஏசி வகை, அலைக்கோட்டுக்குக் கீழே பாதி அலைகளும் வரைந்திருந்தால் ஏ வகை. இண்டக்ஷன், டிஷ்வாஷர் மாதிரி உள்ளே எலக்ட்ரானிக்ஸ் உள்ளவற்றின் கசிவு சுத்தமான ஏசியாக இருக்காது, ஏசி வகை அதைக் கவனிக்காமல் விடலாம். ஏ வகையே வாங்குங்கள்.

கிச்சன் ஃபீடரைப் பழைய ஆர்சிசிபிக்குப் பின்னால் எடுக்கக் கூடாது. இரண்டும் 30 என்பதால் எது முதலில் விழும் என்று சொல்ல முடியாது. அதற்கு முன்னாலிருந்து எடுத்து, ஃபீடருக்கு மட்டும் 100 மில்லிஆம்ப், தாமதமாக விழும் எஸ் வகை 4 போல் ஆர்சிசிபி ஒன்று வையுங்கள்.

வேலை முடிந்ததும் "ஆர்சிபிஓ நிற்கவே மாட்டேன் என்கிறது" என்ற புகார் வந்தால் பத்தில் ஒன்பது முறை நியூட்ரல் கலந்திருக்கும். எந்த சர்க்யூட்டின் ஃபேஸ் எந்த ஆர்சிபிஓவிலிருந்து போகிறதோ அதன் நியூட்ரலும் அதற்கே திரும்ப வேண்டும். சுவிட்ச் பாக்ஸுக்குள் இரண்டு கறுப்பு ஒயரைச் சேர்த்து முறுக்கினால் இரண்டுமே விழும். கிச்சன் லைட் இன்வெர்ட்டர் லைனில் இருந்தால் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் இன்வெர்ட்டர் பக்கத்திலிருந்தே கொண்டுவாருங்கள். கிச்சன் டிபியின் நியூட்ரல் பாரைத் தொடவே கூடாது.

டைல்ஸ் ஒட்டும் முன் ஒவ்வொரு சாக்கெட்டிலும் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் 230 பக்கம் வர வேண்டும். ஒரு கெட்டிலை ஓடவிட்டு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே பார்த்தால் இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். சரியாக 0.0 என்று நின்றால் சந்தேகப்படுங்கள்: எர்த் பின்னை நியூட்ரலோடு சேர்த்து ஏமாற்றியிருக்கலாம். அப்படிச் சேர்த்த நிலையில் நியூட்ரல் அறுந்தால் டிஷ்வாஷரின் உலோக உடம்பில் 230 வோல்ட் நிற்கும். சாக்கெட்டைக் கழற்றிக் கண்ணால் பார்த்துவிடுவதே சரி.

திண்ணைவீடு:

மூவருக்கும் நன்றி. சாக்கெட் உயரம் எவ்வளவு வைக்கலாம்? டிஷ்வாஷருக்குப் பின்னாலேயே பாயிண்ட் கொடுக்கலாமா?

ஆம்பியர்_கோவை:

பின்னால் வேண்டாம். பிளக்கின் பருமனால் மெஷின் சுவரோடு ஒட்டாது; தண்ணீர் கசிந்தாலும் முதலில் நனைவது அந்த இடம்தான். பக்கத்துக் கபோர்டுக்குள் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், தண்ணீர்க் குழாய்க்கு எதிர்ப்பக்கச் சுவரில் கொடுங்கள். சுவிட்ச் மட்டும் மேடைக்கு மேலே வரட்டும். மேடை சாக்கெட்டுகள் மேடையிலிருந்து 8 முதல் 10 அங்குலம் மேலே, சிங்க் விளிம்பிலிருந்து குறைந்தது 2 அடி தள்ளி, அடுப்புக்கு நேர் பின்னால் ஒன்றும் வராமல். சிம்னிக்குத் தரையிலிருந்து 7 அடி, குழாய் போகும் ஓட்டைக்குப் பக்கவாட்டில்.

பின்னாளில் பெரிய பில்ட்-இன் இண்டக்ஷன் ஹாப் வாங்க நினைத்தால் அது 7 கிலோவாட் வரை போகும். இந்த 25 ஆம்ப் ஃபீடரும் சாக்கெட்டும் அதற்கு ஆகாது. மெயினிலிருந்தே தனி லைன் வேண்டும். அந்த இரண்டாவது பைப்பை 32 மிமீயாகவே போட்டு, லைட் ஒயரோடு ஒரு நைலான் கயிற்றையும் உள்ளே விட்டு அடுப்பு வரை கொண்டுபோங்கள். காடியை மூடும் முன் சுவரில் அளவு டேப்பை நீட்டி வைத்து ஒவ்வொரு பக்கமும் ஃபோட்டோ எடுங்கள். கபோர்டு மாட்ட வருபவர் எங்கே துளை போடக் கூடாது என்று அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும்.