கனவு என்று அம்மா சொன்னது

எனக்கு நினைவு தெரிந்து முதலில் இருப்பது இருட்டுதான். ராகி மூட்டைகளின் புழுதி வாசனை, கன்னத்தில் உரசும் கோணி, வாய் கொள்ளாமல் ஒரு வெல்லக்கட்டி. இதைச் சொல்லும்போதெல்லாம் அம்மா, "அது நீ கண்ட கனவு" என்பார். முப்பது வருடங்களாக இதே பதில்.

அம்மா தர்மபுரிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி பெங்களூரு ஸ்ரீராமபுரத்துக்கு வந்தவர். ஊதுபத்தி உருட்டி என்னைப் படிக்கவைத்தார். எதிர்வீட்டுக் கன்னடக்கார அக்காதான் இந்த ஊரில் அவருக்குக் கிடைத்த முதல் உறவு, எனக்குப் பெரியம்மா. சென்ற மார்கழியில் பெரியம்மா இறந்துபோனார். மயானத்துக்கு எடுத்துப்போன பிறகு தலைமுழுகிவிட்டு, ஈரத்தலையோடு வாசற்படியில் உட்கார்ந்த அம்மா, நான் கேட்காமலே சொன்னார்: "அந்த வெல்லம் கனவில்லை, கண்ணு."

1991 டிசம்பர். காவிரியில் தமிழ்நாட்டுக்கு 205 டிஎம்சி விடச் சொன்ன இடைக்கால உத்தரவு 11ஆம் தேதி மத்திய அரசிதழில் வெளியானது. அதையடுத்து நகரில் தமிழர்களின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. அப்பா வேலைக்குப் போன இடத்தில் மாட்டிக்கொண்டார். பெரியம்மா எங்கள் இருவரையும் தன் வீட்டு மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்துவைத்தார். எனக்கு நான்கு வயது. 'அம்மா' என்று அழுதிருந்தால் பயமில்லை. கன்னடத்திலும் அதே சொல்தான். நானோ 'தண்ணீர், தண்ணீர்' என்று அழுதேனாம். அந்த ஒரு சொல் வெளியே கேட்டுவிடக் கூடாதென்றுதான் பெரியம்மா என் வாயில் வெல்லத்தைத் திணித்திருக்கிறார்.

கதவைத் தட்டிய கூட்டத்தில் பெரியம்மாவின் தம்பியும் இருந்தார்.

அந்த மாமாதான் எனக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்தவர். ஒவ்வொரு யுகாதிக்கும் ஒப்பட்டு கொண்டுவருபவர். தான் இருக்கும்வரை இதை வெளியே விடாதே என்று பெரியம்மா அன்றிரவே அம்மாவிடம் சத்தியம் வாங்கிவிட்டார். "ஒன்றைச் சொன்னால் நீ அடுத்ததைக் கேட்பாய். அதனால் எல்லாவற்றையும் கனவாக்கிவிட்டேன்" என்றார் அம்மா.

எனக்குக் கோபம் வந்தது. சத்தியத்தைக் காப்பாற்றியதற்காக அல்ல. என் நினைவையே நான் சந்தேகிக்கும்படி வளர்த்துவிட்டாரே என்று. அல்சூர் ஏரிக்கரையில் 1991 முதல் மூடியே கிடந்த திருவள்ளுவர் சிலையை 2009 ஆகஸ்டில் திறந்தார்கள். அந்த வாரம் என்னை அங்கே கூட்டிப்போன அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். தமிழ்ப் பற்று என்று நினைத்துக்கொண்டேன். அன்றாவது சொல்லியிருக்கலாம்.

மாமா உள்ளே எட்டிப் பார்த்தாரா? முதல் தடவை சொன்னபோது, "பார்த்தான். என் கண்ணைப் பார்த்தான். யாருமில்லை என்று சொல்லிக் கூட்டத்தைக் கலைத்துவிட்டான்" என்றார் அம்மா. ஒரு வாரம் கழித்துக் கேட்டேன். "இருட்டு. பார்த்திருக்க மாட்டான்" என்றார். எது நடந்தது என்று அம்மாவுக்கே இப்போது தெரியவில்லை என்றுதான் நினைக்கிறேன். மாமாவிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

துக்கம் நடந்த வீடு என்பதால் இந்த யுகாதிக்கு அங்கே அடுப்பில் இனிப்பு ஏறவில்லை. அம்மா ஒப்பட்டு தட்டி, தூக்குவாளியில் அடுக்கி என்னிடம் நீட்டினார். மாமாதான் கதவைத் திறந்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, எங்களிடம் எப்போதும் பேசும் தமிழில், "வெயிலில் வந்திருக்கிறாயே அம்மா, தண்ணீர் குடிக்கிறாயா?" என்று கேட்டார்.

வாங்கிக் குடித்தேன்.