வயிற்றைச் சுருக்கியாச்சு, பந்தியைச் சுருக்க முடியலையே!

களிப்பானை (காவேரிப்பட்டினம்)

எனக்கு எடை குறைய இரைப்பையைச் சுருக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் பண்ணி ஆறு வருஷம் முடிந்தது. பெங்களூரில் செய்தேன். அப்போது 131 கிலோ. ஒன்றரை வருஷத்தில் 82க்கு வந்தேன், இப்போது 94. ஆபரேஷன் கதையை எழுத வரவில்லை, அது மூன்று நாளோடு முடிந்துவிட்டது. அதற்கப்புறம் வீட்டிலும் ஊரிலும் நான் மாட்டிக்கொண்டு முழித்த இடங்கள்தான் ஏராளம். நீங்களும் முழித்திருப்பீர்கள், எழுதுங்கள்.

முதலில் என்னுடையது. ஆபரேஷன் முடிந்து எட்டாவது மாசம். பென்னாகரம் பக்கம் தாய்மாமன் வீட்டில் கெடா வெட்டு. இலையில் ராகிக் களி, நடுவில் குழி, குழி நிறையக் கறிக்குழம்பு. நம்ம பக்கத்தில் களியை மெல்ல மாட்டோம் என்பது வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. சுடச்சுடக் கிள்ளி, உருட்டி, குழம்பில் புரட்டி, அப்படியே விழுங்குவதுதான். மென்றால் பல்லில் ஒட்டும், பக்கத்து இலைக்காரன் சிரிப்பான். டயட்டீஷியன் அம்மா ஒரு வாய்க்கு இருபது இருபத்தைந்து முறை மெல்லச் சொல்லியிருந்தார். எட்டு மாசமாக இட்லியைக்கூட அப்படித்தான் மென்றேன். ஆனால் களியைக் கண்டதும் கை தன்னால் உருட்டியது, தொண்டை தன்னால் விழுங்கிவிட்டது. நாற்பது வருஷப் பழக்கம்.

முதல் உருண்டை போனது. இரண்டாவது நின்றுவிட்டது. நெஞ்சுக்குழிக்குள் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துகிற மாதிரி வலி. வாயில் எச்சில் ஊறிக்கொண்டே இருக்கிறது, வெறும் எச்சில் இல்லை, முட்டை வெள்ளையை அடித்த மாதிரி நுரை. எழுந்து வைக்கோல் போருக்குப் பின்னால் போய் நின்றேன். அத்தை கோலி சோடாவோடு ஓடி வந்தார், "குடிடா, இறங்கிடும்" என்று. உள்ளே இடமே இல்லாதபோது கேஸ் எங்கே போகும்? வேண்டாம் என்றேன். கால் மணி நேரம் கழித்து உருண்டை உருண்டையாகவே வெளியே வந்தது. அதுகூடப் பரவாயில்லை. மாமா பந்தியில் எல்லார் முன்னாலும் "என் வீட்டுச் சோறு உனக்கு இறங்கலையாடா?" என்று கேட்டுவிட்டு இரண்டு மாசம் பேசவில்லை.

இரைப்பையில் முக்கால்வாசிக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை வாழைப்பழம் மாதிரி ஒரு குழாயாகத் தைத்து வைப்பதுதான் ஸ்லீவ். இதை மாமாவுக்குச் சொல்லிப் புரியவைக்கத் தெரியவில்லை. கால் வெட்டியிருந்தால் தெரியும், வயிற்றை வெட்டினால் யாருக்குத் தெரிகிறது?

எடை ஏன் திரும்ப ஏறியது என்று கேட்பீர்கள். களிக்குப் பயந்து கூழுக்கு மாறினேன். கூழ் சத்துதானே என்று நினைப்பு. சத்துதான், ஆனால் அந்தக் குழாயில் அது நிற்காது, வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். ஒரு மணி நேரத்தில் மறுபடி ஒரு சொம்பு. 100 கிராம் கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்து 340 மில்லிகிராமுக்கு மேல், ஆனால் புரதம் ஏழு கிராம்தான். எனக்கு நாளைக்கு 60 கிராமாவது வேண்டும். இப்போது முதலில் கொள்ளோ முட்டையோ மீனோ, அது முடிந்து இடம் இருந்தால்தான் மற்றது. சாப்பிட்டு அரை மணி நேரம் தண்ணீர் இல்லை. இரண்டு தலையணை வைத்துப் படுத்தும் ராத்திரியில் புளித்த தண்ணீர் தொண்டைக்கு வருகிறது. ஸ்லீவ்காரர்கள் நிறைய பேருக்கு இது இருக்கிறதாம்.

மாந்தோப்பு (பர்கூர் பக்கம்)

அண்ணா, வைக்கோல் போர் வரை படித்துச் சிரித்தேன், மாமா பேசாமல் போனதைப் படித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

எனக்கு பைபாஸ், நாலு வருஷம் ஆச்சு. இரைப்பையில் ஒரு முட்டை அளவுக்குப் பிரித்துவிட்டுச் சிறுகுடலை நேராக அதில் கொண்டுவந்து இணைத்திருக்கிறார்கள். இந்தப் பெயரால் பட்ட பாடு இருக்கிறதே! ஊரில் பைபாஸ் என்றால் பஸ் ஊருக்குள் வராமல் போகிற ரோடு, இல்லையென்றால் ஹார்ட். ஒருதடவை காய்ச்சலுக்குப் போன இடத்தில் "பைபாஸ் ஆகியிருக்கு" என்றேன். அந்த நர்ஸ் பதறிப்போய் என்னைப் படுக்க வைத்து ஈசிஜி எடுத்துவிட்டார். அந்தத் தங்கச்சி மேல் தப்பில்லை, நான்தான் "வயித்துல" என்று சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

எங்களுக்கு மாந்தோப்பு. மே மாசம் வீட்டில் சேந்தூரா வாசம் தவிர வேறு வாசமே இருக்காது. முதல் சீசனில் காலையில் வெறும் வயிற்றில் இரண்டு பழம் சாப்பிட்டேன். இருபது நிமிஷத்தில் நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, புடவை நனைகிற அளவுக்கு வேர்வை, வயிற்றுப்போக்கு. திண்ணையிலேயே சுருண்டு படுத்துவிட்டேன். மாமியார் காற்று சேஷ்டை என்று விபூதி போட்டார். டாக்டர் இதை டம்பிங் என்றார். இனிப்பு வயிற்றில் தங்காமல் மொத்தமாகச் சிறுகுடலில் கொட்டுகிறது, அது உடம்பில் இருக்கிற தண்ணீரை எல்லாம் குடலுக்கு இழுக்கிறது, அதனால்தான் இந்தக் கூத்து.

இது ஒரு ரகம் என்றால் இன்னொன்று சத்தமில்லாமல் வரும். ஒரு கல்யாணத்தில் கேசரி, ஒரு ஜாங்கிரி. வீட்டுக்கு வந்து இரண்டு மணி நேரம் கழித்து கை நடுங்குகிறது, பேச்சு குழறுகிறது, பெண் பெயரைக் கூப்பிட வாய் வரவில்லை. மாமியாருடைய சுகர் மிஷினில் குத்திப் பார்த்தால் 51! சுகர் வியாதியே இல்லாத எனக்கு. இனிப்பைப் பார்த்து உடம்பு இன்சுலினை வாரி இறைத்துவிடுகிறதாம். விபூதியோடு நின்றிருந்தால் என்ன ஆகியிருக்குமோ. அப்போதைக்கு ஒரு ஸ்பூன் சர்க்கரை, தெளிந்ததும் கூடவே நிலக்கடலை. சர்க்கரையோடு விட்டால் மறுபடி ஏறி மறுபடி விழும், அதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

இப்போது மாம்பழம் சாப்பிடுகிறேனா? சாப்பிடுகிறேன். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் இரண்டு துண்டு. தோப்பு வைத்துக்கொண்டு அதுகூட இல்லையென்றால் எப்படி!

ஓசூர் நைட் ஷிப்ட்

சுருக்கமாகச் சொல்கிறேன், வீட்டில் யாரும் பார்க்கக்கூடாது.

எனக்கும் பைபாஸ், வயிற்றில்தான். முன்னால் ஒரு குவார்ட்டர் அடித்தாலும் நிதானமாக வண்டி ஓட்டுவேன் (பெருமை இல்லை, முட்டாள்தனம்). ஆபரேஷனுக்கு அப்புறம் முதல் தடவை ஒரு கட்டிங்தான். பத்து நிமிஷத்தில் முழு குவார்ட்டர் ஏறின மாதிரி இருந்தது. சரக்கு சட்டென்று ரத்தத்தில் கலந்துவிடுகிறது, இறங்கவும் நேரமாகிறது. பயந்துபோய் விட்டிருந்தால் நல்லவன். எனக்கு அது பிடித்துப்போனது. குறைந்த காசில் நிறைய போதை என்று கணக்குப் போட்டேன். சாப்பாட்டில் ஒளிந்துகொண்டிருந்தவன் இதில் போய் ஒளிந்தேன், அவ்வளவுதான். இப்போது பதினான்கு மாசமாகத் தொடவில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் இதைக் கேட்டார்கள், நான்தான் "எப்பவாவது சார்" என்று பொய் சொன்னேன்.

பாலக்கோட்டுத் தக்காளி

ஓசூர் அண்ணா, பதினான்கு மாசம் பெரிய விஷயம்.

நான் கர்ப்பமாக இருந்தபோது நடந்தது. பைபாஸ் முடிந்து இரண்டு வருஷம் கழித்துதான் குழந்தை. ஒன்றரை வருஷமாவது பொறுக்கச் சொல்லியிருந்தார்கள், ஊரில் எட்டு மாசத்திலிருந்தே "விசேஷம் இல்லையா?" என்று துளைத்தார்கள், அது வேறு கதை.

நம்ம தமிழ்நாட்டில் கர்ப்பிணி எல்லாருக்கும் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலக்கிக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். நல்ல ஏற்பாடு, நான் குறை சொல்லவில்லை. என் வயிறு மட்டும் அதற்கு ஏற்றதில்லை. டம்ளரைப் பார்த்ததுமே "எனக்கு ஆகாதுக்கா" என்றேன். "வாந்தி வரும்னுதான் எல்லாரும் சொல்றீங்க, கண்ணை மூடிக் குடிம்மா" என்றார் நர்ஸ் அக்கா. எனக்குப் பின்னால் இருபது பேர் வரிசை. ஆபரேஷன் பற்றி அத்தனை பேர் காதில் விழச் சொல்ல வெட்கம். குடித்துவிட்டேன். பெஞ்சில் உட்கார்ந்தவள் கொஞ்ச நேரத்தில் பெஞ்சிலேயே சாய்ந்துவிட்டேன்.

கண் விழித்தபோது அந்த அக்கா என் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் காதில் சொன்னேன். உடனே டாக்டரைக் கூட்டி வந்தார். அந்த டெஸ்ட் இனி வேண்டாம், வீட்டிலேயே ஒரு வாரம் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் விரலில் குத்தி எழுதிக்கொண்டு வா என்றார் டாக்டர். அதற்கப்புறம் பிரசவம் வரை அந்த அக்கா என்னை வரிசையில் நிற்கவே விடவில்லை. பையனுக்கு இப்போது இரண்டு வயசு.

ஒரு விஷயம், இரும்பு மாத்திரையையும் கால்சியத்தையும் ஒன்றாக வாயில் போட்டுக்கொண்டு மேலே ஒரு டீ குடிப்பேன். மூன்றும் சேர்ந்தால் இரும்பு உடம்பில் சரியாக ஒட்டாதாம். ஒரு வருஷம் தின்ற மாத்திரை வீண். இப்போது இரண்டுக்கும் நடுவில் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுகிறேன்.

தகடூரான்

எல்லாரும் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் எழுதத் தோன்றியது.

நம்ம தருமபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்திலும் மூட்டு வலி வந்தால் முதலில் தண்ணீரைத்தான் சொல்வோம். தப்பும் இல்லை. ஃப்ளோரைடு தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள் நாங்கள், என் பல்லைப் பார்த்தாலே தெரியும், பழுப்புக் கோடு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது பின்னால்தான். அதனால் பைபாஸ் முடிந்து மூன்றாவது வருஷம் முழங்கால் வலித்தபோது நான் யோசிக்கவே இல்லை. பக்கத்தில் ஒருத்தரிடம் வலி ஊசி. டைக்ளோஃபெனாக். வாரம் ஒன்று, அப்புறம் இரண்டு, நடுவில் மாத்திரை. ஆபரேஷன் பண்ணிய ஆஸ்பத்திரியில் வலி மாத்திரை கூடாது என்று கொடுத்த பேப்பர் பீரோவில் பட்டுப் புடவைக்கு அடியில் பத்திரமாக இருந்தது.

மலம் கறுப்பாகப் போனது. இரும்பு மாத்திரை சாப்பிடுகிறோம், அது கறுப்பாக்கும் என்று எனக்குத் தெரியும். கூடவே தினமும் களி, அதுவும் காரணமாக இருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் இது தார் மாதிரி, பிசுபிசுப்பாக, நாற்றமே வேறாக இருந்தது. என் மனைவி கேட்டாள், "மாத்திரை மூணு வருஷமா திங்கிற, இப்ப மட்டும் ஏன் இப்படி நாறுது?" இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை பாருங்கள். பத்தாவது நாள் மாடிப்படி ஏறும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஹீமோகுளோபின் 6.2. குடலை இணைத்த இடத்தில் புண், அதிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். நான் பீடியும் பிடிப்பேன், அதுவும் அந்தப் புண்ணுக்கு ஒரு காரணம் என்றார்கள். இப்போது இல்லை.

அதற்கப்புறம் காலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது தனி. வைட்டமின் பி12 அடிமட்டத்தில். சத்து அளவுக்கு ரத்தம் பார்த்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. உடம்பு இளைத்துவிட்டது, சுகர் போய்விட்டது, இனி ஆஸ்பத்திரி எதற்கு என்று இருந்துவிட்டேன். இப்போது ஊசி போட்டுக்கொள்கிறேன், வருஷம் ஒருமுறை முழு ரத்தப் பரிசோதனை.

சட்டைப் பையில் ஒரு அட்டை வைத்திருக்கிறேன். மகள் தமிழில் ஒரு பக்கமும் டாக்டர்களுக்காக இங்கிலீஷில் ஒரு பக்கமும் எழுதி லேமினேட் பண்ணிக் கொடுத்தாள். "எனக்கு இரைப்பை பைபாஸ் ஆகியுள்ளது. டைக்ளோஃபெனாக் மாதிரி வலி நிவாரணி ஊசி, மாத்திரை தராதீர்கள், பாராசிட்டமால் தரலாம். டெஸ்டுக்காகக் குளுக்கோஸ் குடிக்க வைக்காதீர்கள். திடீரென்று வயிறு முறுக்கி வலித்தால் வாயு என்று அனுப்பிவிடாமல் சர்ஜனிடம் காட்டுங்கள், உள்ளே குடல் சிக்கியிருக்கலாம்." கீழே மனைவி போன் நம்பர்.

ஊத்தங்கரை புதுசு

வணக்கம். எனக்கு 38 வயசு, அடுத்த மாசம் ஸ்லீவ் பண்ணலாம் என்று தேதி கேட்டிருக்கிறேன். இதையெல்லாம் படித்தால் வயிற்றைக் கலக்குகிறது. திரும்ப முடிவெடுக்க வேண்டியிருந்தால் நீங்களெல்லாம் பண்ணுவீர்களா?

மாந்தோப்பு

பண்ணுவேன். என் முழங்காலைக் கேட்டால் இரண்டு தடவை பண்ணு என்று சொல்லும்.

ஓசூர் நைட் ஷிப்ட்

தெரியவில்லை. பண்ணுகிறதாக இருந்தால் டாக்டரிடம் பொய் சொல்லாதீர்கள் தம்பி.

களிப்பானை

பண்ணுவேன், ஆனால் ஊருக்குச் சொல்லிவிட்டுப் பண்ணுவேன். மறைத்ததால் வந்ததுதான் எனக்குப் பாதிச் சங்கடம். உங்களுக்கு நெஞ்செரிச்சல் ஏற்கனவே இருந்தால் ஸ்லீவா வேறதா என்று அழுத்திக் கேளுங்கள், நான் கேட்கவில்லை.

மாமா கதை பாதியில் நிற்கிறது. போன வருஷம் ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போகிற வழியில் அவர் வீட்டுக்குப் போனேன். ஆபரேஷன் போட்டோ, ரிப்போர்ட் எல்லாம் காட்டிச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. இலை போட்டார்கள். எல்லாருக்கும் வழக்கமான உருண்டை, எனக்கு மட்டும் அத்தை நெல்லிக்காய் அளவுக்குக் களி கிள்ளி நாலு உருண்டை வைத்திருந்தார். மென்று தின்றேன். பக்கத்தில் மாமா மகன் சிரித்தான். மாமா அவன் முதுகில் ஒன்று வைத்தார்.

மாந்தோப்பு

தகடூரான் அண்ணா, அந்த அட்டையை நானும் எழுதிக்கொள்கிறேன். மேலே பெரிய எழுத்தில் "ஹார்ட் இல்லை, வயிறு" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். எனக்கு இன்னொரு ஈசிஜி தாங்காது.