சந்தேகமான ஆளைத் துப்பாக்கியோடு மறிக்கலாமா? அமெரிக்கா வந்த புதிதில் தெரிந்துகொள்ள வேண்டியவை

கேள்வி: ஹெச்1பி என்ற வேலை விசாவில் இருக்கிறேன். குடியிருப்புக்குள் தெரியாத ஆள் சுற்றினால் நாமே பிடித்து வைத்து போலீஸைக் கூப்பிடலாமா? இங்கே எல்லாரும் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்கிறார்களே?

பதில் 1: எல்லாரும் வைத்துக்கொள்ள முடியாது. ஹெச்1பி, ஹெச்4 (அவர்களின் குடும்பத்தார்), எஃப்1 (மாணவர்) விசாவில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே ஃபெடரல் (மத்திய அரசுச் சட்டப்படி) குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள்தான் உண்டு. தண்டனை 15 ஆண்டு வரை போகும், விசாவும் போகும். கிரீன் கார்டு (நிரந்தரக் குடியுரிமை அனுமதி) இருந்தால் துப்பாக்கி வாங்கலாம், ஆனால் துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை வந்தால் அவர்களையும் நாடு கடத்தலாம். பலரும் கோட்டைவிடும் இடம் ஒன்று: மனைவிக்கு கிரீன் கார்டு, கணவருக்கு ஹெச்1பி. துப்பாக்கி மனைவி பெயரில் இருந்தாலும், பெட்டியின் சாவியோ நம்பரோ கணவரிடம் இருந்தால் அவரும் 'வைத்திருக்கிறார்' என்று வழக்குப் போட இடமுண்டு.

இனி பிடித்து வைப்பது. பொதுமக்களே கைது செய்ய இடம் தரும் சட்டம் பல மாநிலங்களில் இருக்கிறது, ஆனால் சந்தேகம் மட்டும் அதற்குப் போதாது. கலிஃபோர்னியாவில் சிறு குற்றமென்றால் உங்கள் கண்முன்னே நடந்திருக்க வேண்டும். பெருங்குற்றமென்றால் அது நிஜமாகவே நடந்திருக்க வேண்டும். நடக்காத குற்றத்துக்கு ஒருவரை மறித்து வைத்தால் வழக்கு உங்கள் மேல்தான்.

ஜார்ஜியாவில் நடந்ததை அவசியம் தெரிந்துகொள்ளுங்கள். 2020 பிப்ரவரி 23, பிரன்ஸ்விக் ஊருக்கு அருகே, அஹ்மத் ஆர்பெரி என்ற 25 வயது இளைஞர் பாதி கட்டிய வீடு ஒன்றுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்து ஓடினார். எதையும் எடுக்கவில்லை. துப்பாக்கியோடு ஒரு அப்பாவும் மகனும் பிக்கப் டிரக்கில் துரத்தினார்கள், இன்னொருவர் தன் வண்டியால் மறித்தார். மகன் ஷாட்கன்னோடு இறங்கி நின்றார். ஆர்பெரி அதைப் பிடித்துப் போராட, மகன் அவரைச் சுட்டுக் கொன்றார். "துப்பாக்கியைப் பிடுங்க வந்தான், தற்காப்புக்குச் சுட்டேன்" என்ற வாதத்தை ஜூரி ஏற்கவில்லை. மூவருக்கும் ஆயுள் தண்டனை. அவர்கள் துணைக்கு இழுத்த 1863-ஆம் ஆண்டுக் கைதுச் சட்டத்தையும் 2021 மே மாதம் மாநிலமே நீக்கிவிட்டது.

பதில் 2: பல மாநிலங்களில் உள்ள 'ஸ்டாண்ட் யுவர் கிரவுண்ட்' என்ற தற்காப்புச் சட்டம் பற்றி ஒரு வார்த்தை. பின்வாங்க வேண்டியதில்லை என்றுதான் அது சொல்கிறது, பின்தொடரலாம் என்று சொல்லவில்லை. வம்பைத் தொடங்கியவருக்குப் பெரும்பாலும் தற்காப்பு வாதம் எடுபடாது. சுடாமல் காட்டி மிரட்டினாலே குற்றம்.

செய்ய வேண்டியது: கதவைப் பூட்டிவிட்டு உள்ளிருந்தே போன். குற்றம் நடந்துகொண்டிருந்தால் 911 என்ற அவசர எண். வெறும் சந்தேகம் என்றால் உள்ளூர் போலீஸின் அவசரமல்லாத எண், அதை இன்றே போனில் பதிந்து வையுங்கள். முதலில் முகவரியும் குறுக்குத் தெருவும். பிறகு அவர் என்ன செய்கிறார், உடை, வண்டி எண், போகும் திசை. நிறத்தைச் சொல்வதைவிடச் செயலைச் சொல்வதுதான் உதவும். 'கார் கதவுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்கிறார்' என்றால் போலீஸுக்குப் புரியும், 'ஆள் சரியில்லை' என்றால் ஒன்றும் புரியாது. பின்னால் போக வேண்டாம் என்று போனில் பேசுபவர் சொன்னால் போகாதீர்கள். போலீஸ் வரும்போது கையில் துப்பாக்கியோடு நிற்பவர் புகார் சொன்னவரா, குற்றவாளியா என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

பதில் 3: அந்தச் 'சந்தேகமான ஆள்' நம் அப்பாவாகவும் இருக்கலாம். 2015-இல் அலபாமாவின் மேடிசனில், குஜராத்திலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருந்த 57 வயதுக்காரர் தெருவில் நடந்துகொண்டிருந்தார். யாரோ போலீஸுக்கு போன் செய்துவிட்டார்கள். ஆங்கிலம் தெரியாமல் தடுமாறிய அவரைப் போலீஸ்காரர் தரையில் தள்ளியதில் கழுத்து எலும்பு அடிபட்டுக் கை கால் ஓரளவு செயலிழந்தது. ஊரிலிருந்து வரும் பெற்றோரை முதல் வாரமே அக்கம்பக்கத்தாரிடம் அறிமுகப்படுத்துங்கள். வீட்டு முகவரியும் உங்கள் எண்ணும் எழுதிய சீட்டு சட்டைப் பையில் இருக்கட்டும். போலீஸ் நிறுத்தினால் பைக்குள் கைவிட்டு அதைத் தேட வேண்டாம், கைகள் தெரியும்படி அப்படியே நிற்கட்டும். அடுத்தவர் கராஜை எட்டிப் பார்க்க வேண்டாம்.

பிள்ளைகளை அழைத்துவரப் போகும்போது முகவரியின் கடைசிச் சொல்வரை பாருங்கள். 2023 ஏப்ரலில் கான்சஸ் சிட்டியில் 16 வயதுப் பையன் தம்பிகளைக் கூட்டிவரப் போனான். போக வேண்டியது 115-ஆவது டெரஸ் (அதுவும் ஒரு தெருப் பெயர்தான்), அழைப்புமணி அடித்தது 115-ஆவது ஸ்ட்ரீட்டில். வீட்டுக்காரர் கதவுக்குப் பின்னாலிருந்து சுட்டார், பையன் பிழைத்தான். காரிலிருந்தே "வாசலில் நிற்கிறேன்" என்று போன் செய்துவிட்டு இறங்குங்கள்.