கலைச்சொல் வேண்டல்: வெளியிட்ட பக்கம் தேடலில் இடம்பிடிக்க ஆகும் காலம்

மடல் 1
எழுதியவர்: மொழிபெயர்ப்பாளர்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

இணையப் பக்கங்களின் தேடல் நிலையை அளந்து காட்டும் மென்பொருள் ஒன்றின் இடைமுகத்தைத் தமிழாக்கிக் கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை மாலைக்குள் கோப்பை ஒப்படைக்க வேண்டும். மற்றவை எல்லாம் முடிந்துவிட்டன. ஒரே ஒரு நெடுவரிசைத் தலைப்பு மட்டும் மூன்று நாள்களாக நகர மறுக்கிறது. ஒரு பக்கத்தை வெளியிட்ட பிறகு அது தேடல் முடிவுகளின் முதல் பத்துக்குள் வர எத்தனை நாள் ஆயிற்று என்பதைக் காட்டும் நெடுவரிசை அது. மூலத்தில் ஓரிடத்தில் ‘டைம் டு ரேங்க்’ என்றும், உதவிக்குறிப்பில் ‘ரேங்கிங் ஸ்பீடு’ என்றும் இதே அளவையே இரு விதமாக எழுதியிருக்கிறார்கள். இப்போதைக்குத் ‘தரவரிசை வேகம்’ என்று இட்டு வைத்திருக்கிறேன், படிக்கும்போதெல்லாம் உறுத்துகிறது. தலைப்புக்கு ஒதுக்கியுள்ள அகலத்தில் சுமார் பத்து எழுத்துகளே அடங்கும். மிஞ்சினால் வெட்டிவிட்டு மூன்று புள்ளி வைத்துவிடும்.

மடல் 2
எழுதியவர்: தேடல் பகுப்பாய்வுப் பொறியாளர்

உறுத்தலுக்குக் காரணம் உண்டு, அம்மா. அந்த நெடுவரிசையில் வரும் எண் நாள் கணக்கு. மூன்று என்றால் நல்லது, தொண்ணூறு என்றால் மோசம். ‘வேகம்’ என்று தலைப்பிட்டால் படிப்பவர் தொண்ணூறைத்தான் நல்லது என்று எடுத்துக்கொள்வார். ஏறுவரிசையில் அடுக்கும் அம்புக்குறியைச் சொடுக்கினால் தலைகீழாகப் புரிந்துகொள்வார். மூலத்தில் ஸ்பீடு என்று எழுதியவர்கள் செய்த பிழையை நாமும் சுமக்க வேண்டியதில்லை. காலம், நாள் என்ற சொற்களில் ஒன்று கட்டாயம் இடம்பெற வேண்டும் என்பது மட்டுமே என் கோரிக்கை. மற்றதைப் புலவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

மடல் 3
எழுதியவர்: இலக்கண ஆசிரியர்

புலவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று தம்பி கதவைத் திறந்துவிட்டபடியால் உள்ளே வருகிறேன். ‘ஏறுகாலம்’ என்று வைக்கலாம். ஊறுகாய், சுடுகாடு போன்று வினைத்தொகை, ஐந்தே எழுத்து, வலி மிகுமா மிகாதா என்ற தொல்லையும் இல்லை. ‘தேடுபொறி’ என்ற சொல் இவ்வளவு எளிதாக ஊன்றியதற்கு அதுவும் வினைத்தொகையாக அமைந்தது ஒரு காரணம் என்பது என் நெடுநாளைய எண்ணம்: தேடிய பொறி, தேடுகின்ற பொறி, தேடும் பொறி என்ற மூன்றும் அதற்குள் அடங்கிவிடுகின்றன. ஏறுகாலமும் அப்படியே. ஏறி முடித்த பக்கத்துக்கும், ஏறிக்கொண்டிருக்கும் பக்கத்துக்கும், இனி ஏறப்போகும் பக்கத்துக்கும் ஒரே தலைப்புப் பொருந்தும். ‘காலம் கரந்த பெயரெச்சம் வினைத்தொகை’ என்பது நன்னூல். காலத்தை அளக்கவென்றே பிறக்கும் ஒரு சொல் தனக்குள் காலத்தை ஒளித்து வைத்துக்கொள்வது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

மடல் 4
எழுதியவர்: தனித்தமிழ் அன்பர்

ஐயா அவர்களின் இலக்கணத்துக்குத் தலைவணங்குகிறேன். ஆனால் பொறியாளர் வேகத்தை விலக்கிய காரணம் போதாது; அது வடசொல் என்பதே விலக்குவதற்குப் போதுமான காரணம். விரைவைக் குறிக்க நம்மிடம் சொல் இல்லையா? ‘கதழ்வும் துனைவும் விரைவின் பொருள’ என்று உரியியலில் தொல்காப்பியர் இரண்டு சொற்களைத் தாமே எடுத்துக் கொடுத்திருக்கிறார். ‘துனைவு’ என்றே வைக்கலாம், மூன்றெழுத்து. தேவையெனில் ‘தேடல் துனைவு’. தரவரிசையில் உள்ள ‘தரம்’ என்பதன் மேலும் எனக்கு ஐயம் உண்டு, ஆயினும் நிலத்தைத் தரம் பிரித்துப் பேசும் சோழர் காலக் கல்வெட்டுகளில் அது இருப்பதால் இப்போதைக்கு விட்டுவிடுகிறேன்.

‘காலம்’ என்ற சொல்லுக்கு நான் என்ன சொல்வேன் என்று சிலர் காத்திருப்பார்கள். கால் என்ற தமிழ் வேரிலிருந்து நீட்சிப் பொருளில் பிறந்தது அது என்று என்னால் நிறுவ முடியும். கால்வாய், காற்று, ஊன்றுகால் ஆகியவற்றில் எல்லாம் நீண்டு செல்லுதல் என்ற கருத்தே உள்ளுறைந்திருக்கிறது. விரிவாகத் தனி மடலில் எழுதுகிறேன்.

மடல் 5
எழுதியவர்: கல்லூரி ஆசிரியர்

தனி மடல் வருவதற்குள் இதை எழுதிவிடுகிறேன். நான் கணினி அறிவியலைத் தமிழ்வழியில் கற்பிக்கிறேன். துனைவு என்று கரும்பலகையில் எழுதினால், அந்த வகுப்பின் மீதி நேரம் துனைவுக்கே செலவாகும், தேடுபொறிக்குச் செலவாகாது. ஒரு சொல் தூயதா என்று கேட்பதற்கு முன், அதைக் கேட்டவுடன் மாணவருக்குப் பொருளின் ஒரு நுனியாவது பிடிபடுகிறதா என்று கேட்க வேண்டும். மின்னஞ்சல், மென்பொருள், உலாவி ஆகியவை நிலைத்ததற்குக் காரணம் அவை தூய்மையாக இருந்தது மட்டுமன்று. மின், அஞ்சல், மென்மை, உலா என்ற உறுப்புகளை மாணவர் முன்பே அறிந்திருந்தார். துனைவில் அவர் பற்றிக்கொள்ள எதுவும் இல்லை.

ஏறுகாலத்துக்கும் ஒரு மறுப்பு உண்டு. ஏறுமுகம், ஏறுதழுவல், ஏறுவெயில் என்று வழக்கில் உள்ளவற்றோடு சேர்த்துக் கேட்கும்போது, அது நல்ல காலம் பிறந்ததைச் சொல்லும் சோதிடச் சொல்லைப்போல ஒலிக்கிறது. மாணவர்கள் தங்களுக்குள் ‘ரேங்க் ஆக எத்தனை நாள்’ என்றுதான் பேசுகிறார்கள். ‘ரேங்க் நாள்’ என்றே எழுதிவிட்டால் என்ன குறைந்துவிடும் என்பதையும் குழு எண்ணிப் பார்க்கட்டும். தொல்காப்பியரை அழைத்தபடியால் நானும் அழைக்கிறேன்: ‘கடிசொல் இல்லைக் காலத்துப் படினே’.

மடல் 6
எழுதியவர்: தனித்தமிழ் அன்பர்

அந்த நூற்பா காலத்தால் தோன்றி வழங்கும் சொற்களைக் கடியலாகாது என்கிறதே தவிர, சோம்பலால் தோன்றிய சொற்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அது வரும் எச்சவியலிலேயே ‘வடவெழுத்து ஒரீஇ’, அதாவது வடவெழுத்தை நீக்கி, என்றும் இருக்கிறது. ‘ரேங்க்’ என்பதை ஒலிமாற்றி எழுதினாலும் ரகரம் மொழிக்கு முதலில் வராதே! ‘இரேங்கு’ என்று எழுதத் தாங்கள் அணியமா?

மடல் 7
எழுதியவர்: இலக்கண ஆசிரியர்

இரேங்கு என்பதைக் கண்டு வாய்விட்டுச் சிரித்தேன். இருவரும் சற்று அமைதி கொள்க. நாம் ஒரு சொல்லை மறந்தே போனோம். இந்த அளவையின் உயிர் வேகமும் அன்று, காலமும் அன்று, ‘வரிசை’. இன்று வரிசை என்றால் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பது என்று சுருக்கிக்கொண்டோம். பழைய வழக்கில் வரிசை என்பது தகுதி; தகுதியை அறிந்து அதற்கேற்பச் செய்யும் சிறப்பு. மலையமான் திருமுடிக்காரியிடம் கபிலர் சொன்னது நினைவிருக்கும்: நாற்றிசையிலிருந்தும் பரிசில் மாக்கள் பலர் வருவர், ‘வரிசை அறிதலோ அரிதே, பெரிதும் ஈதல் எளிதே’, ஆகவே புலவரிடத்துப் பொதுநோக்கை, அதாவது எல்லாரையும் ஒன்றுபோலப் பார்ப்பதை, ஒழித்துவிடு. ஒரு கேள்விக்கு இலட்சக்கணக்கான பக்கங்கள் வந்து நிற்க, எதை முன்னே நிறுத்துவது என்று திகைக்கும் தேடுபொறியின் இடர்ப்பாட்டை இதைவிடச் சுருக்கமாக யாராலும் சொல்ல முடியாது. அள்ளிக் கொடுப்பது எளிது. யாருக்கு எந்த இடம் என்று அறிவதுதான் அரிது. குறளும் இதையே வேறு பக்கத்திலிருந்து சொல்கிறது: ‘பொதுநோக்கான் வேந்தன் வரிசையா நோக்கின் அதுநோக்கி வாழ்வார் பலர்’ (528). தேடுபொறியின் நோக்கு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்தே பிழைப்பு நடத்தும் தொழில் ஒன்று இன்று இருக்கிறது என்று பொறியாளர் தம்பி முன்பொருமுறை எழுதியிருந்தார். அதுநோக்கி வாழ்வார் பலர்!

ஆகவே என் முந்தைய முன்மொழிவைத் திருத்தி, ‘வரிசைபெறு காலம்’ என்று வைக்கிறேன்.

மடல் 8
எழுதியவர்: தேடல் பகுப்பாய்வுப் பொறியாளர்

ஐயா, கபிலரை என் மேசைக்கு மேல் எழுதி ஒட்டப்போகிறேன். ஆனால் சொல்லுக்கு முன் பொருளை வரையறுக்காமல் போனால் அடுத்த மாதம் இதே இழை மீண்டும் தொடங்கும்.

ஒரு பக்கம் வெளியானதும் நடப்பவை ஒன்றல்ல. முதலில் தேடுபொறியின் நிரல் வந்து பக்கத்தைப் படித்துச் செல்ல வேண்டும். பிறகு அதைத் தன் அட்டவணையில் (இன்டெக்ஸ்) சேர்க்க வேண்டும். சேர்த்தே தீர்வதாக எந்தத் தேடுபொறியும் உறுதி தருவதில்லை. அதன் பிறகே ஏதோ ஒரு கேள்விக்கு விடையாக எண்பதாவது இடத்திலோ எட்டாவது இடத்திலோ அது தோன்றும். முதல் இரண்டு படிகளைப் பதிப்பாளர் ஓரளவு விரைவுபடுத்தலாம்: தளத்தின் பக்க முகவரிகளைப் பட்டியலிடும் தளவரைபடக் கோப்பில் திருத்திய நாளைச் சரியாகக் குறிக்கலாம், பிங், யாண்டெக்ஸ் ஆகிய தேடுபொறிகள் 2021இல் கொண்டுவந்த இன்டெக்ஸ்நவ் நெறிமுறையின் வழியாகப் புதிய முகவரியை உடனே அறிவிக்கலாம். மூன்றாம் படி அவர் கையில் இல்லை. மாற்றங்களின் விளைவு சில மணி நேரத்திலும் தெரியலாம், பல மாதங்களும் ஆகலாம் என்றுதான் கூகுளே தன் வழிகாட்டியில் எழுதி வைத்திருக்கிறது. ஆகவே அட்டவணையில் சேர ஆன காலத்தையும் முதல் பத்தை எட்ட ஆன காலத்தையும் ஒரே சொல்லால் குறித்தால், பழி தவறான ஆளின் மேல் விழும்.

இன்னொன்று, பக்கம் தனியாக வரிசை பெறுவதில்லை. ஒரு கேள்விக்கு மட்டுமே பெறுகிறது. தளம் நடத்துவோருக்குத் தேடல் நிலையைத் தெரிவிக்கும் கூகுளின் சர்ச் கன்சோல் காட்டும் சராசரி இடம் பல கேள்விகளைக் கலந்த சராசரி. பக்கம் புதிய கேள்விகளுக்குக் கடைசி இடங்களில் தோன்றத் தொடங்கினால், அது வளர்ந்துகொண்டிருக்கும்போதே சராசரி சரிவதுபோலத் தெரியும். மேலும், முதல் பத்தை இன்னும் எட்டாத பக்கங்களை என்ன செய்வது? அவற்றை விட்டுவிட்டு எட்டியவற்றை மட்டும் சராசரி எடுத்தால் எண் அழகாக இருக்கும், பொய்யாகவும் இருக்கும். நோயாளிகளின் உயிர்வாழ்நாளைக் கணக்கிடுவோர் இதே சிக்கலைச் சந்தித்துத்தான், இன்னும் முடியாத காத்திருப்பையும் கணக்கில் சேர்க்கும் முறையைக் கண்டார்கள். கப்லான், மையர் இருவரின் கட்டுரை 1958இல் வந்தது. நான் இடைநிலை அளவையே பயன்படுத்துகிறேன்: வெளியிட்ட பக்கங்களில் பாதி, முதல் பத்தை எட்ட எத்தனை நாள் ஆயின? பாதியே எட்டவில்லை என்றால் அந்தக் கட்டத்தில் எண்ணே வரக் கூடாது.

மடல் 9
எழுதியவர்: மொழிபெயர்ப்பாளர்

அருமையான விளக்கம். கோப்பை மீண்டும் பார்த்தேன். அட்டவணையில் சேரும் காலத்துக்குத் தனி நெடுவரிசை இருக்கிறது. அதை ஏற்கெனவே ‘சேர்ப்புக் காலம்’ என்று முடித்துவிட்டேன். நமக்கு வேண்டியது முதல் பத்தை எட்டும் காலத்துக்கான சொல் மட்டுமே.

நேற்றிரவு ‘இடம்பிடிப்புக் காலம்’ என்று எழுதிப் பார்த்தேன். வன்றொடர்க் குற்றியலுகரம் என்பதால் ஒற்றுப் போட்டாக வேண்டும். போட்டால் பதினோரு எழுத்து, விட்டால் பத்து. திரையில் அந்த ஒற்றுக்காகவே சொல் வெட்டுப்படுகிறது. போதாக்குறைக்கு, மென்பொருள் சில இடங்களில் ‘காலம்’ என்பதைத் தனித் தொடராக எடுத்து ஒட்டுகிறது. அங்கே ஒற்று வர வழியே இல்லை. வினைத்தொகையாக ஒன்று தந்தால் இரு சிக்கலும் தீரும்.

மடல் 10
எழுதியவர்: கல்லூரி ஆசிரியர்

அப்படியானால் ‘இடம்பெறு காலம்’. எட்டு எழுத்து, ஒற்று இல்லை, இடம்பெற்றது என்று எல்லாரும் எழுதுகிறார்கள். பக்கம் ஏறித்தான் வர வேண்டும் என்றும் அது சொல்லவில்லை. சில பக்கங்கள் முதல் நாளே எட்டாம் இடத்தில் தோன்றிவிடுகின்றன.

மடல் 11
எழுதியவர்: இலக்கண ஆசிரியர்

இடம்பெறுதல் என்பது வெறுமனே உள்ளே இருத்தல். பட்டியலின் கடைசியில் கிடப்பதும் இடம்பெறுதல்தானே? வரிசை பெறுதல் வேறு. தம்பி விளக்கிய வேறுபாட்டைச் சொல்லே அழித்துவிடுகிறது. ஆயினும் வெள்ளிக்கிழமை நெருங்கிவிட்டது. பெரும்பான்மைக்குக் குறுக்கே நிற்க மாட்டேன். என் மறுப்பு மட்டும் பதிவாகட்டும்.

மடல் 12
எழுதியவர்: தேடல் பகுப்பாய்வுப் பொறியாளர்

ஐயாவின் மறுப்பு சரியானது. உதவிக்குறிப்பில் ‘முதல் பத்து இடங்களுக்குள்’ என்று விரித்து எழுதுவதாக இருந்தால் எனக்கும் இடம்பெறு காலம் சம்மதம்.

மடல் 13
எழுதியவர்: தனித்தமிழ் அன்பர்

சம்மதம் என்பதற்குப் பதில் இசைவு என்று எழுதியிருக்கலாம். நான் என் பயன்பாட்டில் துனைவையே வைத்துக்கொள்கிறேன். ‘கால்’ பற்றிய மடல் பாதி முடிந்திருக்கிறது.

மடல் 14
எழுதியவர்: மொழிபெயர்ப்பாளர்

‘இடம்பெறு காலம்’ என்றே இட்டு, உதவிக்குறிப்பை விரித்தெழுதி, கோப்பை அனுப்பிவிட்டேன். அனைவருக்கும் நன்றி.

அனுப்பிய பிறகுதான் அடுத்த பதிப்புக்காகத் தமிழாக்க வேண்டிய தொடர்கள் வந்தன. முதல் பத்திலிருந்து ஒரு பக்கம் வெளியே விழ எத்தனை நாள் ஆயிற்று என்பதற்கும் ஒரு நெடுவரிசை சேர்த்திருக்கிறார்கள். ‘இடமிழ காலம்’ என்று சொல்ல நா எழவில்லை. ஐயா அவர்களின் ஏறுகாலத்தை வைத்திருந்தால் ‘இறங்குகாலம்’ என்று ஒரு நொடியில் முடிந்திருக்கும். அடுத்த கெடு இருபதாம் தேதி.