சாலை மறியல் வழக்கை ரத்து செய்ய வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. 2017 கோடையில் குடிநீர் கேட்டு எங்கள் ஊரில் காலிக் குடங்களோடு மறியல் செய்தோம். இந்திய தண்டனைச் சட்டம் 143 (சட்டவிரோதமாகக் கூடியது), 188 (அரசு அதிகாரியின் உத்தரவை மீறியது), 341 (வழிமறித்தது) பிரிவுகளில் எஃப்ஐஆர் போட்டார்கள். என் தம்பி பெயரும் அதில் உண்டு. இதுவரை குற்றப்பத்திரிகை இல்லை. ஆனால் அவன் பாஸ்போர்ட் விண்ணப்பம் போலீஸ் சரிபார்ப்பில் இதனாலேயே நிற்கிறது.

இவை எல்லாமே அதிகபட்சம் 6 மாதத் தண்டனைக்குரியவை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 468ஆம் பிரிவின்படி ஓராண்டு தாண்டினால் நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்கக் கூடாது. 188இல் போலீஸ் நேரடியாக எஃப்ஐஆர் போட முடியாது என்று 2018இல் ஜீவானந்தம் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அப்புறம் ஏன் இன்னும் இழுக்கிறார்கள்?

இந்த வழக்கைக் காட்டி ஓட்டுப் போட யாரும் தடுக்கவில்லை. ஆனால் தங்கள் மேலும் வழக்கு வருமோ என்று கிராம சபையில் எழுந்து பேசவும், மனுவில் கையெழுத்துப் போடவும் எங்கள் பிள்ளைகள் பயப்படுகிறார்கள். எனக்கு அதுதான் பெரிய வேதனை.

உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் இப்படி ரத்து வாங்கியவர்கள் இருக்கிறீர்களா? எஃப்ஐஆரில் உள்ள எல்லோரும் ஒரே மனுவாகப் போடலாமா? செலவு எவ்வளவு ஆகும்? இலவச சட்ட உதவியில் இதை எடுப்பார்களா? தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.